அந்த நடிகரை உனக்குத் தெரியுமா?

மேலகரம்
வெகுதானிய வருஷம், தை மாதம் 26

அன்பு மகன் வெயிலுமுத்துவுக்கு உன் அய்யா கைலாசம் எழுதுவது. நானும் மருமகள் பார்வதியும் சுகமாக இருக்கிறோம். செவலைப் பசுவும் சுகம். பட்டணத்துத் தண்ணீர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

இது நானே எழுதுகிற கடிதம். பக்கத்தில் யாரும் இல்லை. கையும் என்னுடையது, எழுத்தும் என்னுடையது. தென்காசியில் ரெபேக்காள் டீச்சரம்மா சாயங்காலத்தில் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். போன கோடையில் போய்ச் சேர்ந்தேன். "அறுபது தாண்டி எழுத்துப் படிச்சு என்ன அண்ணாச்சி, கலெக்டர் வேலைக்கா போறீரு?" என்று கடைக்கார அய்யாக்குட்டி கேலி செய்தான். அவனுக்கு வயிற்றெரிச்சல். இதுவரை உன் கடிதங்களை அவன்தானே வாசித்துச் சொன்னான். நீ பார்வதிக்கு எழுதிய வரி வந்தால் மட்டும் குரலை உயர்த்துவான். கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். இனி அந்தக் கச்சேரி கிடையாது. நீ மனசு விட்டு எழுதலாம்.

எழுத்தைக் கண்டால் எனக்குக் கால் நின்றுவிடுகிறது. சோடா பாட்டில், ரயில் பெட்டி, பருப்பு கட்டி வந்த காகிதம், எதையும் விடுவதில்லை. ரோட்டில் நின்று பலகை வாசித்தால் பின்னால் வருகிற வண்டிக்காரன் ஏசுகிறான். ஏசட்டும்.

உன் படம் தென்காசிக் கொட்டகைக்கு வந்தது. நானும் பார்வதியும் போனோம். நோட்டீசை வாங்கிக் கே. வி. முத்து என்ற பெயரைத் தேடினேன். 'கே' என்றால் கைலாசம், அது நான்தான் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார்கள். ராஜா வேஷக்காரர், ராணி, கோமாளி, பாட்டு எழுதினவர் எல்லோர் பெயரும் வந்தது. உன் பெயர் மட்டும் அகப்படவில்லை. எனக்கு வாசிப்பு இன்னும் சரியாக வரவில்லை என்று நினைத்து டீச்சரம்மாவிடம் கொண்டு போனேன். அவர்கள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அச்சுல விட்டுப்போயிருக்கும் பெரியவரே" என்றார்கள்.

கொட்டகையில் இடம் தாராளம். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பார்த்தேன். நீ வாளை உருவியபோது பார்வதி கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாளும் ஆசையாகப் போனேன். வேறு படம் ஓடியது. டிக்கெட் கிழிக்கிறவரைக் கேட்டேன். "மிஷினுக்கு அந்தப் படம் ஒத்துக்கல" என்றார்.

இந்தக் கடிதத்தை எழுத நாலைந்து நாள் ஆகிவிட்டது. அவ்வளவு நாளும் உன்னோடு உட்கார்ந்து பேசியதுபோல இருந்தது. தன்னை எப்போது சென்னைக்கு அழைத்துக்கொள்வாய் என்று பார்வதி கேட்கச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அய்யா
கைலாசம்


கீழ்ப்பாக்கம், சென்னை
24—2—1939

அன்புள்ள அய்யாவுக்கு வெயிலுமுத்து வணக்கத்துடன் எழுதியது. நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி.

உறையின் மேல் எழுத்தைப் பார்த்து யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். அறையில் மற்றவர்கள் இருந்தார்கள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன்.

நோட்டீசில் பெயர் விட்டுப்போனது அச்சுக்காரர் தவறுதான். சென்னையில் அடித்த நோட்டீசில் கொட்டை எழுத்தில் இருந்தது. படம் மற்ற ஊர்களில் நன்றாகப் போகிறது. கொட்டகையில் காலை நீட்டிப் படுத்ததை அய்யாக்குட்டி அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி. புதுக் கம்பெனி ஒன்றில் ராஜகுமாரன் வேஷம் கிடைத்திருக்கிறது. கதையில் முக்கியமான கட்டம், ராஜகுமாரன் அருவியின் கீழ் நின்று பாடுவது. அதைக் குற்றாலத்தில் பிடிக்கப்போகிறார்கள். சீசன் தொடங்கியதும் கம்பெனி முழுவதும் அங்கே வரும். நானும் வருவேன். வேலை முடிந்து திரும்பும்போது பார்வதியைக் கையோடு கூட்டிப்போகிறேன். அவளிடம் சொல்லுங்கள். இந்தத் தடவை நிச்சயம்.

தங்கள் மகன்
வெயிலுமுத்து


மேலகரம்
மாசி மாதம் 29

அன்பு மகனுக்கு அய்யா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் பார்வதிக்கு நானே வாசித்துக் காட்டினேன். 'கையோடு' என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அவள் இப்போதே பெட்டியைத் தூசி தட்டி வெயிலில் வைத்துவிட்டாள்.

முகம் மழிக்கப் போன இடத்தில் ஒரு சினிமாப் பத்திரிகை கிடந்தது. சோப்பு நுரையோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். அதில் இப்படிப் போட்டிருந்தது: "ஒரு நடிகர் மூன்று கம்பெனிகளை மூடிவிட்டு நான்காவது கம்பெனியில் வலது காலை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம். அவர் வருகிறார் என்றால் ரீல் தானாகவே அறுந்துகொள்ளுமாம். புது முதலாளிக்கு நம் அனுதாபம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. சவரம் செய்கிற பரமசிவனிடம், "இப்படியுமா எழுதுவாக?" என்றேன். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "சினிமாவுல அப்படித்தான் அண்ணாச்சி. ஒரு படம் விழுந்தா படம் விழுந்துச்சும்பான். மூணு விழுந்தா ஆளு விழுந்துட்டாம்பான். பொறவு அவனை எவனும் தூக்கிவிட மாட்டான், தொட்டா ஒட்டிக்கிடும்னு பயம்" என்றான்.

அந்த நடிகரை உனக்குத் தெரியுமா? தெரிந்தால் நீயாவது அவரிடம் நல்லபடியாகப் பேசு. கூட உட்கார்ந்து சாப்பிடு. அவருக்கும் ஏதோ ஓர் ஊரில் அய்யா இருப்பார். அந்த அய்யாவுக்கு வாசிக்கத் தெரியாமல் இருக்கட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அய்யா
கைலாசம்


கீழ்ப்பாக்கம், சென்னை
22—4—1939

அன்புள்ள அய்யாவுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை மிகுதி. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே வெயில் அதிகமா?

நீங்கள் கேட்ட அந்த நடிகரை எனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. பாடத் தெரியாதவரும் இல்லை. அவர் நடித்த முதல் படத்தில் முதலாளிகள் இரண்டு பேரும் பாதியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். எடுத்தவரைக்கும் ஒட்டி வெளியிட்டார்கள். கதை நடுவில் இளவரசி காணாமல் போவாள், கடைசிவரை ஒருவரும் தேடமாட்டார்கள். ஜனங்கள் நாற்காலியை உடைத்தார்கள். இரண்டாவது படத்தில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். மூன்றாவது நல்ல படம். ஆனால் படம் போய்ச் சேருவதற்கு முன்பே, ராசியில்லாதவர் என்ற பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. படத்தை வாங்கி ஓட்டுகிறவர், நோட்டீசிலிருந்து இந்த ஆள் பெயரை எடுத்தால்தான் வாங்குவேன் என்றார். எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவர் வேலைக்குப் போனால் காலைப் பூஜையில் சூடத்தட்டு அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போகிறது. அவர் உட்கார்ந்த நாற்காலியில் ராணி வேஷக்காரி உட்காருவதில்லை. முகத்துக்குப் பவுடர் போடுகிறவர் அவருக்கென்று தனிப் பஞ்சு வைத்திருக்கிறார். யாரும் ஏசுவதில்லை அய்யா. ஏசினால் பதில் சொல்லலாம். "நீங்க முதல் ஷாட்டுக்கு வர வேண்டாம், மெதுவா டிபன் பண்ணிட்டு வாங்க சார்" என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். விளக்கு ஒன்று அணைந்தால் எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளாக அவரும் தன்னைத்தான் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது இருக்கிற முதலாளி ராசியில் நம்பிக்கை இல்லாதவர். அதனால்தான் எடுத்தார். இந்தப் படம் ஓடிவிட்டால் பேச்சு செத்துவிடும். ஓடாவிட்டால் எந்தக் கம்பெனிக் கதவும் அவருக்குத் திறக்காது. இது அவருக்கும் தெரியும்.

நீங்கள் சொன்னபடி அவரோடு தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

பார்வதியிடம் சீசன் நெருங்குகிறது என்று சொல்லுங்கள்.

தங்கள் மகன்
வெயிலுமுத்து


மேலகரம்
பிரமாதி வருஷம், சித்திரை மாதம் 24

அன்பு மகனுக்கு அய்யா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது பார்வதி இடையில், "இவுக பேரு நோட்டீசுல வராததும் அதனாலதானா மாமா?" என்று கேட்டாள். "போடி, அது அச்சுக்காரன் தப்புன்னுதான் எழுதியிருக்கானே" என்று சத்தம் போட்டேன்.

நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கேட்டால் நீ துள்ளுவாய். அந்த நடிகருக்காகப் பத்திரிகைக்கே ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன்! டீச்சரம்மாவிடம்கூடக் காட்டவில்லை. சொந்தமாக எழுதியது என்று இருக்கட்டுமே.

என்ன எழுதினேன் என்று சொல்கிறேன். "ஒருவரை ராசியில்லாதவர் என்று சொல்வது பாவம். ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் ஒரு ராசியைக் கொடுத்திருக்கிறான். உதாரணத்துக்கு என் மகன். அவன் பிறந்த ஐப்பசியில் கார் நெல் களத்தில் நனைந்து முளைவிட்டுக் கிடந்தது. மழை விடவே இல்லை. ஆண்பிள்ளை என்று மருத்துவச்சி வெளியே வந்து சொன்ன நேரம் சுள்ளென்று வெயில் அடித்தது. ஊர் நெல்லெல்லாம் காய்ந்தது. அதனால்தான் வெயிலுமுத்து என்று பெயர். பிறகு பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தான். அவன் இருக்கிற கொட்டகையில் மழையால் நாடகம் நின்றதே இல்லை. கம்பெனிக்காரர் அதற்காகவே அவனுக்குப் பட்டுத்துண்டு போட்டார். அவன் கால் வைத்த இடத்தில் மழை நிற்கும். அவன்தான் இப்போது சினிமாவில் கே. வி. முத்து. சீசனுக்குக் குற்றால அருவியில் நின்று பாடப்போகிறான். அதுபோல அந்த நடிகருக்கும் ஏதாவது ராசி இருக்கும். தேடிப்பாருங்கள்."

எப்படி? ஒரு பக்கம் முழுவதும் வந்தது. கை இன்னும் வலிக்கிறது.

உன் அய்யா
கைலாசம்


சென்னை
14—5—1939

அய்யாவுக்கு வணக்கம். சுகம்.

பத்திரிகைக்கு எழுதியதை இன்னும் தபாலில் போடவில்லை என்றால் போட வேண்டாம். போட்டுவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை. அவர்களுக்கு நிறையக் கடிதங்கள் வரும். எல்லாவற்றையும் போடமாட்டார்கள்.

அங்கே மேற்கே மேகம் கூடுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

வெயிலுமுத்து


மேலகரம்
வைகாசி மாதம் 16

அன்பு மகனுக்கு அய்யா எழுதுவது. சுகம், சுகம், எல்லோரும் பரம சுகம்!

போட்டுவிட்டார்கள்! என் கடிதத்தை அப்படியே அச்சில் போட்டுவிட்டார்கள். 'மழையை நிறுத்தும் மைந்தர்' என்று தலைப்பும் வைத்து, பக்கத்தில் ஒரு சூரியன் படமும் வரைந்திருக்கிறார்கள். சூரியனுக்குக் கிரீடம். இந்தத் தடவை உன் பெயர் விட்டுப்போகவில்லை. நானே விரல் வைத்துக் கண்டுபிடித்தேன். தென்காசி முழுக்கக் காட்டிவிட்டேன். டீச்சரம்மா மட்டும் வாசித்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரியவரே" என்றார்கள். தன் மாணவன் தன்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டானே என்ற வருத்தம் இருக்கும்தானே.

அய்யாக்குட்டி வாசித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து இருமினான். "ஏ அண்ணாச்சி, அருவியைப் படம்பிடிக்க வாற கம்பெனிக்கு, எம்மவன் வந்தா மழை நிக்கும்னா எழுதுனீரு? நீரு ஒருத்தர் போதும்வே!" என்றான். பொறாமை. அவன் பெயர் எந்தப் பத்திரிகையில் வந்தது?

பார்வதி பத்திரிகையை வாங்கிச் சூரியனையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "மாமா, இதை அவுக கம்பெனியில பாத்திருப்பாகளா?" என்றாள். "பாக்காமலா? ஊரெல்லாம் பாத்திருக்கும்" என்றேன்.

மேற்கே இன்னும் மேகம் இல்லை. ஆனிக்கு வந்துவிடும்.

உன் அய்யா
கைலாசம்


சென்னை
12—6—1939

அன்புள்ள அய்யாவுக்கு வணக்கம். சுகம்.

பத்திரிகை இங்கே எல்லோரும் பார்த்தார்கள். மேனேஜர் வீரபாகு சத்தமாக வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு ஆறுதல்.

இந்த மாதக் கடைசியில் குற்றாலம் வருகிறோம். ஒரு வேண்டுகோள். வேலை நடக்கிற இடத்துக்கு நீங்களும் பார்வதியும் வர வேண்டாம். கூட்டம் இருக்கும். வேலை முடிந்ததும் நானே வீட்டுக்கு வருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாரல் விழுந்ததும் ஒரு கார்டு போடுங்கள்.

தங்கள் மகன்
வெயிலுமுத்து


மேலகரம்
ஆடி மாதம் 8

அன்பு மகனுக்கு அய்யா எழுதுவது. நாங்கள் சுகம். நீ ஊர் போய்ச் சேர்ந்த விவரம் ஏன் எழுதவில்லை?

நீ வர வேண்டாம் என்று சொல்லியும் நான் வந்தது தப்புதான். இரண்டு மைல் தூரத்தில் நீ இருக்கிறாய். கம்பெனி வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. வீட்டுப் பக்கம் நீ வரவில்லை. பார்வதி ஒரு நாள் உளுந்தஞ்சோறு பொங்கிக் கோழிக்குழம்பு வைத்து, "சாப்பாடு குடுத்துட்டு உடனே வந்துருவோம் மாமா" என்றாள். எனக்கும் ஆசை. வந்துவிட்டோம்.

இந்த வருஷம்போல் நான் பேரருவியைப் பார்த்ததில்லை. ஆனி முடியப்போகிறது, பாறை காய்ந்து கிடக்கிறது, நடுவில் நூல்போல ஒரு ஒழுக்கு. கம்பெனிக்காரர்கள் பாறையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நீ ராஜகுமாரன் உடுப்போடு தூரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாய். எங்களைப் பார்த்ததும் எழுந்தாய். ஆனால் அங்கேயே நின்றாய்.

வீரபாகுதான் முதலில் வந்தார். "நீங்கதான் பத்திரிகையில எழுதுன பெரியவரா?" என்றார். நான் நிமிர்ந்துகொண்டு, "நான்தான். ஒருத்தர் ஒத்தாசையும் இல்லாம நானே எழுதுனது" என்றேன்.

"எழுதுனதெல்லாம் நெசம்தானா?"

"பொய் எழுதுத அளவுக்கு எனக்கு இன்னும் படிப்பு வரல."

எல்லோரும் சிரித்தார்கள். சீட்டாட்டம் நின்றது. முதலாளியும் கிட்டே வந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "பெரியவரே, இவர் வந்தா மழை நிக்கும்னு ஊர்ல நம்புதாங்களா?" என்று கேட்டார். நான் சந்தோஷமாகச் சொன்னேன். "நம்புததாவது! துணி வெளுக்குதவுக இவன் ஊர்ல இருக்கானான்னு கேட்டுட்டுத்தான் வெள்ளாவி வைப்பாக. இவன் லீவுல வந்தா குத்தாலத்துக் கடைக்காரனுவ ஏசுவானுவ, சீசனைக் கெடுக்க வந்துட்டியாலேன்னு!" கடைசியில் சொன்னது வேடிக்கைக்கு. உனக்கே தெரியும், யாரும் அப்படி ஏசியதில்லை.

அப்போது நீ இறங்கி வந்தாய். "அய்யா, வீட்டுக்குப் போங்க" என்றாய். அவ்வளவுதான். உன் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன் கூட்டாளிகள் சோற்றை நன்றாகச் சாப்பிட்டார்கள். நீ ஒரு வாய்கூட எடுக்கவில்லை என்று பார்வதி சொன்னாள். நான் கவனிக்கவில்லை. முதலாளியிடம் நெல் காய்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நீ ரயில் ஏறிவிட்டதாகக் கேள்வி. வீட்டுக்கு வரவில்லை. பார்வதி உடுத்தித் தயாராக இருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே காற்று திரும்பியது. மலை மறைந்தது. விடியும்போது வீட்டு முற்றம் நனைந்திருந்தது. நான் ஓட்டமாக ஓடினேன். பேரருவி பாறையே தெரியாமல் விழுகிறது. வீரபாகு ஆட்களை விரட்டுகிறார், படம்பிடிக்கிற பெட்டி சுற்றுகிறது, அருவிக்குக் கீழே ராஜகுமாரன் நிற்கிறான். உன் உடுப்பு, உன் கிரீடம். நீ திரும்பி வந்துவிட்டாய் என்று நினைத்து, "ஏலே வெயிலு!" என்று கத்தினேன். அவன் திரும்பினான். வேறு பையன்.

வீரபாகுவைக் கேட்டேன். "அவருக்குச் சென்னையில வேற பெரிய வேலை வந்திருக்கு" என்றார். இதைவிடப் பெரிய வேலையா? என்ன வேலை என்று எழுது. பார்வதிக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

உன் அய்யா
கைலாசம்


மேலகரம்
ஆவணி மாதம் 21

மகனுக்கு அய்யா எழுதுவது.

கீழ்ப்பாக்கத்துக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது. இதைப் பழைய நாடகக் கம்பெனி விலாசத்துக்குப் போடுகிறேன். அவர்களுக்காவது நீ இருக்கிற இடம் தெரிந்திருக்கும்.

பரமசிவன் கடைக்குப் போனேன். புதுப் பத்திரிகை இருந்தது. என்னைக் கண்டதும் அவன் அதை எடுத்துத் துண்டுக்கு அடியில் வைத்தான். "குடுடே, நான் வாசிச்சுக்கிடுதேன்" என்றேன். "வேண்டாம் அண்ணாச்சி" என்றான். பிடுங்கி வாசித்தேன். "வெயில் நடிகர் ஏறிய ரயில் கடையநல்லூரைத் தாண்டுவதற்குள் குற்றாலத்தில் அருவி கொட்டியதாம். தந்தையே தந்த நற்சாட்சிப் பத்திரம் இருக்கும்போது இனி எந்த முதலாளி துணிவார்?"

ஒரு எழுத்தும் தடங்கவில்லை. எல்லாம் நன்றாக வாசிக்க வந்தது.

அந்த நடிகர் நீதான்.

பார்வதிக்குச் சித்திரையிலேயே தெரியும். நான்தான் 'போடி' என்று சத்தம் போட்டேன்.

மழை யார் சொல்லியும் நிற்பதில்லை, யார் போனாலும் வருவதில்லை என்று அவர்களுக்கு எழுத உட்கார்ந்தேன். பாதியில் கிழித்துவிட்டேன். நான் எழுதியது போதும்.

வீட்டுக்கு வா. வேறு ஒன்றும் வேண்டாம்.

அய்யா


கொழும்பு
19—10—1939

அன்புள்ள அய்யாவுக்கு வெயிலுமுத்து வணக்கத்துடன் எழுதியது. உங்கள் கடிதம் கைமாறிக் கைமாறி இப்போதுதான் கிடைத்தது. நீங்களும் பார்வதியும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதாவிட்டாலும் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அன்றைக்கு மழை வராவிட்டாலும் வேறு ஏதாவது வந்திருக்கும். இதை வைத்து மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாப்பிடுங்கள், நடமாடுங்கள், பாடத்துக்குப் போவதை நிறுத்த வேண்டாம்.

சென்னையில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஊருக்கு வர எனக்குக் கால் வரவில்லை. இங்கே ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். மீசையை எடுத்துவிட்டேன். பெயர் ராஜரத்தினம். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்துக்குப் பின்னால் நிற்கிற வேஷம். வசனம் கிடையாது. நன்றாக நிற்கிறாய் என்று சொல்கிறார்கள்.

இந்த மேனேஜரும் அந்தப் பத்திரிகையை வரவழைக்கிறார். ஒரு நாள் சாப்பாட்டில் எங்கள் எல்லோருக்கும் குற்றாலத்துக் கதையைச் சொன்னார். கே. வி. முத்து என்ற ஆள் தன் கம்பெனி வாசலை மிதித்தால் அன்றைக்கே பூட்டிவிடுவேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யாருக்குக் கடிதம் வந்தாலும் அவர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். இதை நான் வெளியே கொண்டுபோய்ப் போடுகிறேன். நீங்கள் எழுதினால் ராஜரத்தினம் என்று எழுதுங்கள். ஊர் பெயர் வேண்டாம். மகன் என்று எழுத வேண்டாம். தகப்பன் இல்லாதவன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். கல்யாணம் ஆகாதவன் என்றும் சொல்லியிருக்கிறேன். குடும்பஸ்தர்களை இங்கே எடுப்பதில்லை. அதனால் பார்வதியை அழைத்துக்கொள்வதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. இதை அவளுக்கு எப்படி வாசித்துக் காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் மகன்
வெயிலுமுத்து


பிரமாதி வருஷம், கார்த்திகை மாதம் 12

கனம் ராஜரத்தினம் அவர்களுக்கு,

தங்களுக்குப் பழக்கம் இல்லாத ஒரு கிழவன் எழுதிக்கொள்வது. தங்கள் சுகத்தைக் கேட்க எனக்குப் பாத்தியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தங்கள் கம்பெனி நாடகத்தைப் பார்த்த ஒருவர் தங்களைப் பற்றிச் சொன்னார். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ராஜாவுக்குப் பின்னால் அசையாமல் நிற்பீர்களாம். எல்லோரும் பேசும்போது பேசாமல் நிற்பது சுலபமான வேலை இல்லை. அதற்காகப் பாராட்டி எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர் விசேஷம் தங்களுக்கு வேண்டியிராது. இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் படம் பிடித்தார்கள். அது தீபாவளிக்கு வெளிவந்து மதுரையில் கூட்டம் தாங்கவில்லையாம். கே. வி. முத்து என்று எங்கள் பக்கத்து நடிகர் ஒருவர் இருந்தார். தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவர் எங்கே என்று ஊரில் கேட்கிறார்கள். தெரியாது என்று அவருடைய தகப்பனார் சொல்லிவிட்டார். அந்தத் தகப்பனார் சௌக்கியமாக இருக்கிறார். சாயங்காலப் பாடத்துக்கு மறுபடியும் போகிறார். வாசிப்பது குறைவு.

அந்த நடிகருக்கு ஒரு சம்சாரம் உண்டு. அவளைப் பிறந்த வீட்டார் கூப்பிட வந்தார்கள். அவள் போகவில்லை. அவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டதா, தாலியைக் கழற்றட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். கழற்ற வேண்டாம் என்று அந்தத் தகப்பனார் சொன்னார். பிறகு ஒரு கடிதம் வந்தது. அவள் அதை முழுவதும் வாசிக்கச் சொன்னாள். எதையும் விடாமல் வாசித்தார்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் வந்து நின்றாள். யாருக்கு என்று கேட்டாள். ராஜரத்தினம் என்று ஒரு நாடகக்காரருக்கு என்றேன். கொஞ்ச நேரம் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "யாரோ ஒரு மனுஷரு. வேளைக்குச் சாப்பிடுதாரான்னு மட்டும் கேட்டு எழுதுங்க மாமா" என்றாள்.

கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இப்படிக்கு
தங்கள் ரசிகன் ஒருவன்